கோணல் வளையம்

வாசலில் மலர்வளையம் தொங்கினால் எழவு வீடு என்றுதான் நினைப்பார்கள் என்று முதலில் வாயைத் திறந்தவள் பிரிஸ்கில்லா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் எந்த நல்ல காரியத்தை ஆரம்பித்தாலும் முதல் முட்டுக்கட்டை அவளுடையதாகத்தான் இருக்கும்.

"ஏட்டி, வெளிநாட்டுல கிறிஸ்துமஸுக்கு வாசல்ல வளையம்தான் மாட்டுதாவ. அங்கன எல்லார் வீட்டுலயும் எழவா விழுந்துருக்கு?" என்று கேட்டேன்.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிரிஸ்கில்லா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் கடம்பூருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மாதா கோயிலும் அதைச் சுற்றிச் சில தெருக்களும்தான் ஊர். இந்தத் தடவை பிளாஸ்டிக் இல்லாமல் கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும் என்று சாமியார் பூசையில் சொன்னார். ஜிகினாவும் தெர்மாகோலும் வாங்கி ஒரு வாரத்தில் குப்பையில் போடுவதற்குப் பதில் வீட்டுக்கு ஒரு வளையம் செய்வது, அதில் கட்டும் அலங்காரத்தைக் கழற்றி வைத்து வருஷா வருஷம் கட்டிக்கொள்வது என்று முடிவானது. பெண்கள் சபைக்குத் தலைவி நான். தையல் மிஷினில் பிழைக்கிறவள், வெட்டுத் துண்டைக்கூட வீச மனசு வராதவள். ஸ்டெல்லாமேரியிடம் விட்டால் ஒரு நூல்கூட வீணாகாது என்று சாமியாரே சொன்னார்.

நம் காட்டில் எதற்குப் பஞ்சம்? பாலம்மாள் அக்கா விறகுக்கு அடுக்கி வைத்திருந்த காய்ந்த பருத்திமாரில் ஒரு கட்டு இழுத்துக் கொடுத்தாள். பஞ்சு எடுத்த காய்கள் அந்தக் குச்சிகளிலேயே நட்சத்திரமாக விரிந்து நிற்கும். மக்காச்சோளத் தோகையைச் சாயத்தில் முக்கிப் பூவாக மடித்தோம். அறுந்த கொலுசுகளின் மணி, நைந்த பட்டுச்சேலைகளின் சரிகைக் கரை, குன்றிமணி என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் நூலால்தான் கட்ட வேண்டும், நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகத்தான் போட வேண்டும் என்பது என் சட்டம்.

பிரிஸ்கில்லா ஒரு பெவிக்கால் டப்பாவோடு வந்தாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"பசை வச்சா அடுத்த வருசம் பிய்ச்சுத்தான் எடுக்கணும். அவுக்க முடியாதத கட்டவே கூடாதுட்டி" என்று சொல்லி டப்பாவை என் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அதை மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

ஒரு சிக்கல் வந்தது. பருத்திமாரை வளைத்தால் படக் படக்கென்று ஒடிந்தது. உள்ளே ஒரு கம்பி வளையம் இருந்தால் அதன்மேல் குச்சியை வைத்துச் சுற்றிவிடலாம். அப்போதுதான் எனக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஞாபகத்துக்கு வந்தது. அடக்கத்தன்று வைத்தது, கல்லறைத் திருநாளுக்கு வைத்தது என்று அத்தனை மலர்வளையங்களும் பூ உதிர்ந்து வெறும் கம்பியாக அங்கே குவிந்து கிடக்கும்.

கோயில் மணி அடிக்கிற சாம்ராஜிடம்தான் கல்லறைத் தோட்டத்துச் சாவி இருக்கும். அவன் தலையைச் சொறிந்தான்.

"யக்கா, அது அவியளுக்கு வச்சதுல்லா? நாம எடுக்கலாமா?"

"எடுத்தா என்னலே? அவிய எந்திரிச்சு வந்து கேக்கவா போறாவ?"

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சாம்ராஜ் சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினான். புளியும் சாம்பலும் போட்டுத் துரு போகத் தேய்த்தோம். தீர்த்தத் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி நானே தெளித்தும் விட்டேன். வீட்டுக்கு ஒன்று கொடுத்து முடித்தபோது எனக்குக் கம்பி இல்லை. தலைவி கடைசியில்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்? பருத்திமாரை இரண்டு நாள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கம்பியே இல்லாமல் முடைந்து பார்த்தேன். ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் நசுங்கி வந்தது.

"மைனி, உங்க வளையம் கோணலாருக்கே" என்றாள் பிரிஸ்கில்லா, பல்லெல்லாம் தெரிய.

"என் வீட்டுக்கு இது போதும்" என்றேன்.

என் வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள் பார்ப்பதற்கு? என் வீட்டுக்காரர் இன்னாசிராஜ் போன பங்குனியில் போய்விட்டார். லாரியில் ஏற்றிய பருத்திப் பொதிக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுகிற வேலை அவருக்கு. எட்டயபுரம் ரோட்டில் பொதிமேல் நின்று கயிறு இழுத்தவர் கீழே விழுந்தார். காலையில் "வாரேன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயிலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து குழிக்குக் கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், வண்டி வீடு வரைக்கும் வர வழியில்லை. அவர் வீட்டுக்கு வரவே இல்லை. மற்றதெல்லாம் ஆறினாலும் அது மட்டும் எனக்கு ஆறவில்லை. வாரேன் என்று சொன்னால் வர வேண்டாமா?

அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். கயிறோ நூலோ, எதை அவிழ்த்தாலும் நாலு விரலில் சுற்றி, நுனியை நடுவில் செருகித்தான் கீழே வைப்பார். லாரியில் ஒரு முடிச்சு அவிழாமல் மிச்சம் இருந்தால் சோற்றில் கை வைக்க மாட்டார். இன்னொன்று, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஓடிப் போய், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவிடுவார். நான் ஆடி அசைந்து போய் உட்கார்ந்துகொள்வேன்.

வளையங்களை மாட்டிய அன்று மாலை மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேலத்தெரு வனிதா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வீட்டு ஆணியில் வெறும் கம்பி மட்டும் தொங்கியது. பருத்திக்குச்சி, தோகைப் பூ, மணி, சரிகை எல்லாம் வாசற்படியில் வரிசையாக இருந்தன. எதுவும் ஒடியவில்லை, கசங்கவில்லை. சின்னப் பையன்கள் வேலை என்று நினைத்துத் தெருவில் நின்று நன்றாக வைதேன். வனிதா திரும்பவும் கட்டி மாட்டினாள்.

மறுநாள் மணி ஓய்ந்ததும் தெருத்தெருவாக அதே கூத்து நடந்தது. பட்டப்பகலில் ஆடையே கட்டாமல் நிற்கிற மாதிரி வீட்டுக்கு வீடு வெறும் கம்பி. ஆளைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மணிச்சத்தம் கேட்டதும் தெரு நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, ஒன்றுகூட மூச்சுக் காட்டவில்லை. வனிதா வீட்டில் கிடந்த நூல்களின் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். பல்லால் கடித்துத் தட்டையாக்கி இருந்தது, ஈரமும் காயவில்லை. நூலைப் பல்லால் கடிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் டெய்லர் சூசைக்குத்தான் இருந்தது. சூசை செத்து மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டு வளையத்தில் வைத்திருந்த பஞ்சில் கொட்டை தனியாகவும் பஞ்சு தனியாகவும் பிரித்துக் குவித்திருந்தது. ஆயுசு பூராவும் பருத்தி எடுத்தே செத்த ஞானத்தாய் இப்படித்தான் பேசிக்கொண்டே கொட்டை எடுப்பாள்.

எந்திரிச்சு வந்து கேக்கவா போறாவ என்று நான் கேட்டதற்கு ஊரே பதில் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியாரிடம் போய்ச் சொன்னோம். அவர் நம்பினாரோ இல்லையோ, சனிக்கிழமை எல்லா வளையத்தையும் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துவிடச் சொன்னார்.

ஊரெல்லாம் பயந்து கிடக்க, எனக்கு மட்டும் பயத்துக்கு அடியில் வேறொன்று குமைந்துகொண்டிருந்தது. எல்லார் வீட்டுக்கும் யாரோ ஒருவர் வருகிறார். என் வீட்டுக் கோணல் வளையத்தை ஒரு ஈ, காக்கா தொடவில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன?

வெள்ளிக்கிழமை பிரிஸ்கில்லா வந்து நின்றாள். அவள் முகத்தில் வழக்கமான நக்கல் இல்லை.

"மைனி, எங்க வீட்டுல வந்து பாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

போனேன். அவள் வீட்டுப் படியில் பூவும் மணியும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் நூல். ஒவ்வொரு நூலும் நாலு விரல் அகலத்துக்குச் சுற்றி, நுனி நடுவில் செருகி இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, இது எங்க அவிய" என்றேன்.

"யாரு? அண்ணாச்சியா?"

"வேற யாரு இப்படிச் சுத்துவா? பாரு, செருகியிருக்கதப் பாரு."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. நான் இத்தனை மாசமாக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். இந்த மனுஷர் பிரிஸ்கில்லா வாசலில் வந்து நூல் சுற்றிக்கொண்டிருக்கிறார்! லாரி செட்காரர்கள் அவருக்கு வைத்த வளையம் சாக்குக்குள் எப்படியோ அவளுக்குப் போயிருக்கிறது.

"அந்தக் கம்பிய எனக்குக் குடு" என்றேன்.

பிரிஸ்கில்லா உடனே கழற்றிக் கொடுத்தாள். ஆனால் என் கையை விடவில்லை.

"மைனி, கோபப்படாதீங்க. நான் மூணு நாளா கதவுக்கு உள்ள நின்னு சத்தத்தக் கேட்டுருக்கேன். அவிய ஆசையா வாரது மாதிரி தெரியல. போக முடியாம வாரது மாதிரி இருக்கு. நாளைக்கு எல்லாரும் குடுக்கும்போது நீங்களும் குடுத்துருங்க."

"எனக்குத் தெரியும்ட்டி" என்று கையை உதறிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை கோணல் வளையத்தை இறக்கிவிட்டு அவருடைய வளையத்தை என் வாசலில் மாட்டினேன். என் கல்யாணச் சேலையின் சரிகையைக் கட்டினேன். கதவைச் சாத்தி, உள்பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மணி அடித்து ஓய்ந்தது. கொலுசு மணி ஒன்று லேசாகக் குலுங்கியது. பிறகு நூல் உருவுகிற சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் தெருவிளக்கு வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் எந்தக் காலின் நிழலும் இல்லை. ஆனால் பீடி வாசமும் நனைந்த தார்ப்பாய் வாசமும் வீடெல்லாம் வந்துவிட்டது.

"வந்துட்டியளா?" என்று கேட்டேன்.

சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு தொடர்ந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சத்தம் ஓய்ந்து கதவைத் திறந்தபோது யாரும் இல்லை. படியில் எல்லாம் வரிசையாக இருந்தது, நூல் நாலு விரலில் சுற்றி இருந்தது.

சனிக்கிழமை சாம்ராஜ் சாக்கோடு வந்தான். என் வளையம் வெறும் பருத்திமார், கம்பி இல்லை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். பிரிஸ்கில்லா வீட்டுக் கம்பியை அவளிடம் போய்க் கேள் என்றேன். கம்பியை நான் ஒளித்து வைத்திருந்த கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று மாலையிலிருந்து மற்ற வீடுகளில் எந்தச் சத்தமும் இல்லை. என் வாசலுக்கு மட்டும் அவர் வந்தார்.

ஆனால் வந்தால் எவ்வளவு நேரம்? தோசை ஒன்று வேகிற நேரத்தில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறார். அதனால் முடிச்சை இறுக்கினேன். மறுநாள் இரட்டை முடிச்சு, அதற்கு மறுநாள் நூலை நனைத்துப் பல்லால் இழுத்து இறுக்கினேன். அவர் நிற்கிற நேரம் கூடியது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வராதது, கோழி முட்டையிடாமல் திரிவது, பிரிஸ்கில்லாவின் திமிர் எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு பொறுமையாக அவர் என் பேச்சைக் கேட்டதில்லை. எனக்குப் பேராசை வந்துவிட்டது.

ஒரு நாள் மிஷின் டிராயரைத் திறந்து பெவிக்கால் டப்பாவை எடுத்தேன்.

முடிச்சுக்கு மேலே, குச்சிக்கு அடியில், சரிகைக்கு உள்ளே என்று டப்பாவைப் பிதுக்கி ஊற்றினேன். வெயிலில் வைத்துக் காயவிட்டேன். மாலை மணி ஓய்ந்ததும் அவர் வந்தார். நூலை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நகத்தால் சுரண்டுகிற சத்தம். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சமைத்துக்கொண்டே பேசினேன், சாப்பிட்டுக்கொண்டே பேசினேன். சுரண்டல் நிற்கவில்லை.

"போதும், விடுங்க. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றேன்.

நிற்கவில்லை. வேகம் கூடியது. நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடினால் அந்தச் சத்தம் தலைக்குள் கேட்டது. விடியற்காலை மணி அடித்தபோதும் அது ஓயவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவிழாத முடிச்சு ஒன்று மிச்சம் இருந்தால் சோற்றில் கை வைக்காத மனுஷர் அவர். இதை அவிழ்க்காமல் அவரால் போகவே முடியாது. அவர் என்னோடு இருப்பதற்காக நிற்கவில்லை, நான் கட்டிப்போட்டதால் நிற்கிறார்.

கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. ஆனால் இந்தத் தடவை சத்தம் நிற்கவில்லை. வளையம் ஆணியில் நடுங்கிக்கொண்டிருந்தது. காலை வெளிச்சத்தில் என் கண் முன்னாலேயே காய்ந்த பசைமேல் ஒரு கோடு விழுந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. பசை முழுக்க அப்படிக் கோடுகள்.

"மாதாவே" என்றேன். கத்தரியை எடுத்து வந்தேன்.

"இருங்க, நான் அவுக்குதேன். சுரண்டாதீங்க, நகம் போயிரும்."

சரிகையை வெட்டினேன், குச்சிகளை ஒடித்தேன், பசையைக் கத்தரி நுனியால் பெயர்த்தேன். கல்யாணச் சேலைக் கரை கந்தலாகிப் போனது, போகட்டும். ஒரு கட்டத்தில் என் விரல்மேல் சில்லென்று ஏதோ பட்டது, அது நூலின் மறு நுனியைப் பிடித்து இழுத்தது. நான் கையை எடுக்கவில்லை. இரண்டு பேருமாகத்தான் கடைசி முடிச்சை அவிழ்த்தோம். அந்த நூலை நாலு விரலில் சுற்றி, நுனியை நடுவில் செருகினேன். சுற்றி முடித்தபோது தார்ப்பாய் வாசம் போய்விட்டது.

கம்பியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். மழைக்கு ஊறிய கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு காலை இழுத்தது. சாம்ராஜ் கேட்டைத் திறந்துவிட்டான். அவர் தலைமாட்டில் கம்பியை வைத்தேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் காலி இடம், புல் முளைத்துக் கிடந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க. இனிமே கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என் வாசல் அமைதியாக இருந்தது. கோணல் வளையத்தைத் திரும்ப மாட்டி, மிஞ்சிய மணியையும் பூவையும் இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகவே கட்டினேன். அந்த வளையத்தில் செத்தவர் யாருடைய கம்பியும் இல்லை. எனக்கென்று என் கையால் முடைந்தது அது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோயிலில் குடில் ஜோடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். மாலை மணி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. என் வாசற்படியில் மணியும் பூவும் வரிசையாக இருந்தன. நூல் நாலு விரலில் சுற்றி, நுனி நடுவில் செருகி இருந்தது. ஆணியில் வளையம் இல்லை. மற்ற வீடுகளில் வளையத்தை யாரும் எடுத்துப் போனதில்லை. இங்கே வளையத்தையே காணோம்.

தெருவில் நின்று கத்தினேன். "வந்த மனுசன் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னா என்ன? அப்படி என்ன அவசரம்?" எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. வாரேன் என்று சொன்னவர் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டார், யாரும் இழுக்காமல் தானாகவே வந்தார்.

காலையில் பூசை முடிந்ததும் சாம்ராஜ் என்னைத் தேடி வந்தான். அவன் முகம் வெளிறி இருந்தது.

"யக்கா, உங்க கோணல் வளையம் கல்லறைத் தோட்டத்துல கெடக்கு."

"அவிய கல்லறமேலயா?"

"இல்ல யக்கா. பக்கத்துல. அந்தக் காலி எடத்துல."

போய்ப் பார்த்தேன். புல்லின்மேல், காலி இடத்தின் நட்டநடுவில், அது நிதானமாக வைத்தது போல் இருந்தது. சாம்ராஜ் குனிந்து எடுக்கப் போனான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாதலே. அது எனக்குப் போட்ட துண்டு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், பயம் இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கல்லறையைப் பார்த்து நன்றாகச் சொன்னேன்.

"எடம் பிடிச்சாச்சுல்லா? இருக்கட்டும். என்னை அவசரப்படுத்தாதீங்க, நான் பைய வாரேன்."